குலசாமி ஜெகந்நாதர்

எங்கள் மில்லுக்குச் சமீபத்தில் ஆலோசகர்கள் பெங்களூரிலிருந்து வந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரே ஒரு ஆலோசகர்தான், அவரும் உள்ளூர். மேஸ்திரி என்போம். வெற்றிலைச் சாறு தெறித்த வேட்டி, காதில் செருகிய பீடி, சட்டைப்பையில் நாலாக மடித்த நோட்டு. பஞ்சு நூலாகும் நுட்பமெல்லாம் அவருக்குச் சுமாராகத்தான் தெரியும். ஆளைத் தரம் பிரிக்கிற நுட்பத்தில் மட்டும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் 1979-ல் உடுமலைப்பேட்டையில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே கேட்டுக்கு வெளியே பதிலி ஆட்கள் கூடிவிடுவார்கள். குறிச்சிக்கோட்டை, பூலாங்கிணறு, பள்ளபாளையம் என்று சுற்றுவட்டாரம் பூராவும் வெள்ளனே கிளம்பி, கையில் தூக்குப்போசியோடு வந்து நிற்கும். வேலைக்கு வராதவன் இடத்துக்கு ஒருவன் வேண்டும் என்று உள்ளேயிருந்து சீட்டு வந்தால் மேஸ்திரி வெளியே வருவார். நேர்முகத் தேர்வு மூன்று கேள்வியில் முடியும்.

"எந்த ஊரு?"

"தோட்டத்துலயா, ஊருக்குள்ளயா?"

"குலசாமி எது?"

கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் எதுவும் விசாரிக்க வேண்டியதில்லை. தோட்டம் என்றால் ஒரு கணக்கு, ஊருக்குள் என்றால் ஒரு கணக்கு. இரண்டும் சொல்லாமல் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றால் அது மூன்றாவது கணக்கு. முதல் வகைக்கு மட்டும் "எந்தக் கூட்டமுங்க?" என்று மரியாதையோடு ஓர் உபகேள்வி உண்டு. கூட்டம் ஒன்றானால் பங்காளி, வேறானால் மாமன் மச்சான். எதுவானாலும் ரிங் பிரேமில் சைடர் வேலை. ஊருக்குள்காரருக்கு கார்டிங், சிம்ப்ளக்ஸ். மூன்றாவது கணக்குக்கு ப்ளோ ரூம். பேல் உடைத்துப் பஞ்சைப் பிரித்துப் போடும் அந்த இடத்தில் அரை மணி நின்றால் புருவம் வெளுத்துவிடும். அங்கேயும் இடமில்லை என்றால் விளக்குமாறு.

மேஸ்திரிக்கும் கட்டணம் உண்டு. ஒரு சேவல், தீபாவளிக்கு எட்டு முழ வேட்டி, நிரந்தரமானால் முதல் மாதச் சம்பளத்தில் பாதி. பில் கொடுக்க மாட்டார்.

ஸ்பின்னிங் கதவோரம் இரண்டு மண்பானைகள் இருந்தன. ஒன்றின் மூடிமேல் எவர்சில்வர் டம்ளர், மற்றதன் மூடிமேல் நசுங்கிய அலுமினியக் குவளை. எது யாருக்கு என்று யாரும் எழுதி ஒட்டியதில்லை. புதிதாக வந்த எவனும் கேட்டதும் இல்லை. அலுமினியக் குவளையை ஒழிக்க வேண்டும் என்று சங்கத்துக்காரர்கள் கேட் மீட்டிங் போட்டுச் சண்டை பிடித்தார்கள். நிர்வாகம் இழுத்தடித்துவிட்டு, கடைசியில் இரண்டு பானையையும் தூக்கிவிட்டுக் குழாய் வைத்த குளிர்நீர் எந்திரம் ஒன்றை இறக்கியது. சங்கத்துக்கு வெற்றி. மறுவாரத்திலிருந்து ரிங் பிரேம்காரர்கள் அத்தனை பேரும் வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார்கள். எந்திரத்துத் தண்ணீரில் குளோரின் வாடை அடிக்கிறதாம்.

இனி இந்தக் காலம். பெரிய முதலாளி போய், அவர் மகன் வந்து, இப்போது பேரன் காலம். இங்கிலாந்தில் எம்.பி.ஏ. படித்தவர், நல்ல பையன். எங்கள் நூல் திருப்பூர் போய் பனியனாகி ஐரோப்பா போகிறது. அங்கே வாங்குகிற கம்பெனிகளுக்கு, அந்தப் பனியனுக்குப் பின்னால் இருக்கிற பணியிடத்தில் பன்முகத்தன்மை இருக்கிறதா, எல்லாரும் அரவணைக்கப்படுகிறார்களா என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொள்ள ஒரு படிவம் அனுப்புகிறார்கள். படிவத்தை நிரப்பச் சொல்லித்தர ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பழைய ரிஜிஸ்டர் எல்லாம் எந்த அலமாரியில் என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் ஓய்வுபெற்ற என்னையும் மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் ஒரு அம்மாள், நாற்பத்தைந்து வயதிருக்கும்; கைத்தறிச் சேலை, சுத்தமான தமிழ். இளையவர் ஒரு பையன், மடிக்கணினி தூக்க. திரையில் முதல் படம் விழுந்தது. வெள்ளைக்காரர், கறுப்பர், சீனர், தலைமுக்காடு போட்ட ஒரு பெண், சக்கர நாற்காலியில் ஒருவர் என்று எல்லாரும் ஒரு மடிக்கணினியைச் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். எங்கள் ஆபீசிலும் கம்ப்யூட்டர் வந்து பல வருடமாகிறது. அதைப் பார்த்து யாரும் சிரித்து நான் கண்டதில்லை.

இந்தத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் ரூஸ்வெல்ட் தாமஸ் என்ற கறுப்பின அமெரிக்கர். 1990-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் அவர் எழுதினார்: ஒதுக்கீடு கொடுத்து ஆளை உள்ளே கொண்டுவந்தால் மட்டும் போதாது, வந்தவர்கள் மேலே ஏறும்படி நிர்வாகமே மாற வேண்டும். நியாயமான பேச்சு. அமெரிக்காவில் ஒதுக்கீடு மாதிரி ஏதோ ஒன்று இருந்தது, அதைத் தாண்டி என்ன செய்வது என்று அவர் யோசித்தார். எங்கள் தனியார் மில்களில் ஒதுக்கீடு என்ற முதல் படியே கிடையாது. நேரே இரண்டாம் படிக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் பேல் குடோன் முன்னால் இருந்த வெட்டவெளிக்குக் கூட்டிப் போனார்கள். ஜெனரல் மேனேஜர் முதல் கூட்டுகிறவர்கள் வரை ஒரே கோட்டில் தோளோடு தோள் நிற்க வேண்டும். அம்மாள் ஒவ்வொரு வாக்கியமாகப் படிப்பார். அது தனக்குப் பொருந்துமானால் ஒரு அடி முன்னே வைக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் பிரபலமான விளையாட்டாம் இது. யாருக்கு வாழ்க்கை எவ்வளவு சலுகை கொடுத்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

"உங்கள் அப்பாவோ அம்மாவோ கல்லூரிக்குப் போயிருந்தால் ஒரு அடி முன்னே."

ஜெனரல் மேனேஜரும் அக்கவுண்டன்டும் வைத்தார்கள்.

"சின்ன வயதில் வீட்டில் கார் இருந்திருந்தால் ஒரு அடி."

சூப்பர்வைசர் ஒருவர் கையைத் தூக்கினார். "டிராக்டர் சேருமுங்களா?"

அம்மாள் உதவியாளரைப் பார்த்தார். சேரும் என்று முடிவாயிற்று. ஏழெட்டுப் பேர் முன்னே போனார்கள்.

"பள்ளி விடுமுறைக்குச் சுற்றுலா போயிருந்தால்."

"அம்மிச்சி ஊருக்குப் போனதுங்க?"

அது சேராது.

"இரவில் தனியாக நடந்து போகப் பயமில்லை என்றால்." ஆண்கள் மொத்தமாக ஒரு அடி வைத்தார்கள். வைண்டிங் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி நின்றார்கள்.

"உங்கள் வீட்டில் வேலையாட்கள் இருந்திருந்தால்."

டிராக்டர் சூப்பர்வைசர் விடுவாரா? "பண்ணையத்து ஆளுக இருந்தாங்க" என்று ஒரு எட்டு வைத்தார். பின்னால் ப்ளோ ரூமிலிருந்து ஒரு குரல் வந்தது, அடக்கமான குரல்தான்.

"எங்கப்பன்தானுங்க அவிக தோட்டத்துல பண்ணையத்துல இருந்துச்சு. அப்ப நான் எந்தப் பக்கம் அடி வைக்கோணுங்க?"

ஒரு கணம் யாரும் மூச்சு விடவில்லை. ஜெனரல் மேனேஜர் செருப்பைப் பார்த்தார். அம்மாளுக்கு முகம் மாறியது. ஆனால் உதவியாளப் பையன் முந்திக்கொண்டு கைதட்டினான். "வொண்டர்ஃபுல் ஷேரிங்! எல்லாரும் ஒரு கிளாப் கொடுங்க!" கொடுத்தார்கள். டிராக்டர்காரரும் கொடுத்தார்.

அதற்கடுத்த வாக்கியத்துக்குப் போவதற்குள் கோட்டின் கடைசியில் நின்ற கூட்டுகிற ஆத்தா ஒருவர் கேட்டார்: "ஏனுங்கம்மா, நாங்க நாலு பேரும் இங்கியே நின்னுக்கறோமுங்க. எப்படியும் பின்னாடிதானே நிக்கப்போறோம். கால் கடுக்குது, சித்தெ உக்காந்துக்கட்டுங்களா?"

விளையாட்டு முடிந்தபோது யார் எங்கே நின்றார்கள் என்று நான் பார்த்தேன். முன்னே தோட்டம், நடுவே ஊர், கடைசியில் வளவு. மேஸ்திரி மூன்று கேள்வியில் செய்ததை இவர்கள் இருபது கேள்வியில் செய்திருந்தார்கள். இதில் வேடிக்கை, அந்த இருபதில் சாதி என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

படிவத்திலும் இல்லை. ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று ஒரு கட்டம். உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னபடி. வயது, மாற்றுத்திறன், தாய்மொழி, மாநிலம், மதம், 'தலைமுறை' என்றுகூட ஒரு கட்டம். எங்கள் ஜில்லாவில் பிறந்த எவனும் முதலில் தெரிந்துகொள்ள விரும்பும் விஷயத்துக்கு மட்டும் கட்டம் போடவில்லை. தேநீர் வேளையில் அந்த அம்மாளிடம் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். "நான் போட்டுத்தான் அனுப்பினேன் சார். கம்பெனியோட வக்கீல் எடுத்துட்டாங்க. கேட்டா பிரச்சினை வரும்னாங்க."

கேட்காவிட்டால் பிரச்சினை வராது என்று நினைக்கும் வக்கீல் உடுமலைக்காரராக இருக்க முடியாது. 2016 மார்ச் 13 அன்று எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட தலித் பொறியியல் மாணவர் ஒருவரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அவர் மனைவிக்கும் வெட்டு விழுந்தது. சிசிடிவி படம் உலகமெல்லாம் ஓடியது. மறுநாள் மில்லில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. டீ இடைவேளையில் மட்டும் ரிங் பிரேம்காரர்கள் ஒரு பக்கமும் ப்ளோ ரூம்காரர்கள் ஒரு பக்கமும் வழக்கத்தைவிடத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

இதைவிட வேடிக்கை, நாங்கள் கேட்கக்கூடாத கேள்வியை அமெரிக்காவில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டது. அந்த நாட்டில் அதுதான் முதல் நகரம். ஆப்பிள் கம்பெனி தன் ஊழியர் விதிகளில் சாதியைச் சேர்த்திருக்கிறது. கலிபோர்னியாவில் இரு அவையும் நிறைவேற்றிய சட்டத்தை ஆளுநர் கையெழுத்துப் போடாமல் திருப்பியது வேறு கதை. ஆக, இங்கிருந்து போனவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன சரக்குக்கு அங்கே சட்டம் வந்துவிட்டது. சரக்கு விளையும் ஊரில் படிவத்துக்குக் கட்டம் வரவில்லை.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், சாதி தெரியாத ஒரு காலமும் எங்கள் மில்லுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தது ஆலோசகரோ சங்கமோ இல்லை, ஆள் பஞ்சம். உள்ளூர்ப் பையன்கள் பாலிடெக்னிக், பனியன் கம்பெனி, கோழிப்பண்ணை என்று போய்விட, ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து ரயில் ரயிலாக ஆள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பொழுதோட குட்டைத்திடல் பக்கம் போனால் இப்போது பாதிப் பேச்சு ஒடியா.

முதல் குழு வந்தபோது பழைய மேஸ்திரியின் மகன்தான் சூப்பர்வைசர். ஹெச்.ஆர். தம்பி ஆதார் அட்டையைப் பார்த்துப் பேர் எழுதிக்கொண்டிருக்க, இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேரை வைத்து ஒன்றும் புரியவில்லை. தோட்டமா ஊரா என்று கேட்டால் பையனுக்குப் புரியவில்லை. கடைசியில் இந்தி தெரிந்த ஒருவனை நடுவில் வைத்துத் தன் குலவித்தையைக் காட்டினார்.

"குலசாமி என்னனு கேளு."

பையன் கை கூப்பிக்கொண்டு சொன்னான்: "ஜெகந்நாதர்."

சூப்பர்வைசர் நோட்டை மூடிவிட்டார். மூன்று தலைமுறை அறிவு அந்த ஒரு பதிலில் காலாவதியானது. அவனை எங்கே போடுவது என்று தெரியாமல் எது காலியோ அங்கே போட்டார்கள். ரிங் பிரேமில் நின்றான். எங்கள் மில்லின் வரலாற்றில் முதல்முறையாக ஒருவன் கை வேகத்தை மட்டும் வைத்து சைடர் ஆனான்.

ரொம்பச் சந்தோஷப்படவும் வேண்டாம். அவர்கள் விடுதியில் சமையலுக்கு ஆள் மாற்றியபோது பாதிப் பேர் இரண்டு நாள் வெளியே போய்ப் பரோட்டா தின்றார்கள். ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. அவர்களுக்குள் நன்றாகவே புரிந்திருந்தது. அவர்கள் ஊரிலும் மூன்று கேள்விகள் இருக்கும்போல. வந்தவர்கள் சம்பளத்தில் எங்கள் ஆட்கள் நிரந்தரமாக வாங்கியதில் பாதிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஆலோசகர்களுக்கு அவர்களைப் பிடித்துப்போனது. படிவத்தில் 'மாநிலம்' என்ற கட்டத்தில் எங்கள் மதிப்பெண் அவர்களால்தான் உயர்ந்தது.

பெண்கள் கதை இன்னும் சுற்று வழி. நான் சேர்ந்தபோது ரீலிங்கில் வயதான பெண்கள் கொஞ்சம் பேர் மிச்சமிருந்தார்கள். நூலைச் சிட்டமாகச் சுற்றும் வேலை. கோவை மில்கள் ஆரம்பித்த காலத்தில் பெண்கள் ஏராளமாக இருந்தார்கள் என்று அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1948 தொழிற்சாலைச் சட்டம் பெண்களைக் காக்க வந்தது: ராத்திரி ஏழு மணியிலிருந்து காலை ஆறு வரை அவர்களுக்கு வேலை கொடுக்கக்கூடாது, இத்தனை பெண்கள் இருந்தால் பிள்ளைகளுக்குக் காப்பறை வேண்டும். பிரசவத்துக்குச் சம்பளம் வேண்டும் என்று வேறு சட்டம் சொன்னது. முதலாளிமார்கள் யோசித்தார்கள். இவ்வளவு பாதுகாப்பு வேண்டிய ஆளை எதற்கு வைத்துக்கொள்வது? ஓய்வுபெற்ற பெண்ணின் இடத்தில் ஆண் வந்தான். கடைசி ரீலிங் பெண் போனதும் தொட்டில் ரூமில் கழிவுப் பஞ்சு மூட்டைகளை அடுக்கினார்கள். தொட்டில் மாட்டும் இரும்புக் கொக்கிகள் உத்தரத்தில் அப்படியே இருந்தன. தராசு மாட்ட வசதியாக.

பிறகு 2000 டிசம்பரில், இரவு வேலைத் தடை பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. சமத்துவத்துக்கான தீர்ப்பு. எங்கள் பக்கத்து மில்கள் அதைப் படித்த விதமே தனி. திண்டுக்கல், தேனி, விருதுநகர் கிராமங்களில் ஏஜென்டுகள் நோட்டீஸ் ஒட்டினார்கள். சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று விதவிதமாகப் பேர். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு 30,000-மோ 50,000-மோ மொத்தமாக. பதினாலு, பதினஞ்சு வயதுப் பிள்ளைகள் வேன்களில் வந்து இறங்கினார்கள். பலரும் தலித் வீட்டுப் பிள்ளைகள். மூன்று வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது உடம்பு சரியில்லை என்று வீட்டுக்குப் போனால் மொத்தப் பணமும் போச்சு. மில்லுக்குள் ஆணைவிடப் பெண் அதிகமானது. கல்யாணம் ஆகாத பெண்களாதலால் காப்பறையும் தேவைப்படவில்லை.

2011-ல் நெதர்லாந்தின் சோமோ என்ற அமைப்பு இதைப் பற்றி அறிக்கை போட்டதும் ஐரோப்பியக் கடைகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்குத்தான் எங்கள் ஊருக்கு முதல் ஆடிட்டர் வந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். சுவரெல்லாம் போஸ்டர்: உங்களுக்குக் குறை இருந்தால் இந்த இலவச எண்ணுக்குப் பேசுங்கள். விடுதியில் செல்போன் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. ஆடிட்டர் போஸ்டரைப் படம் எடுத்துக்கொண்டார்.

ஆலோசகர் கொடுத்த அறிக்கையில் 'குழந்தைக் காப்பறை அமைக்கவும்' என்று ஒரு பரிந்துரை. பேறுகால நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தின்படி 50 பேர் வேலை செய்யும் இடத்தில் அது கட்டாயம். இடம் தேடினார்கள். கழிவுப் பஞ்சு மூட்டைகளை நகர்த்தி, சுவரில் கரடியும் பலூனும் வரைந்தார்கள். உத்தரத்தில் இருந்த கொக்கிகளை ஆபத்து என்று ஆலோசகர் குறித்துக்கொடுக்க, ஆள் வைத்து அறுத்து எடுத்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வாசலில் ஒரு சாய்தளமும் கட்டியிருக்கிறது. பேல் இறக்கும் தள்ளுவண்டிக்கு ரொம்பச் சௌகரியம். 1980-களில் கார்டிங்கில் கை கொடுத்தவர் ஒருவரைப் பெரிய முதலாளி வாட்ச்மேன் ஆக்கினார். கருணைதான். நஷ்டஈடு கேட்கமாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கிய காகிதம் நான் சொன்ன அலமாரியில் இன்னமும் இருக்கிறது.

புகார்ப் பெட்டிக்கு வருகிறேன். பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புக்கான 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் உள்ளகக் குழு வேண்டும். தலைவர் பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். எங்கள் குழுவுக்குத் தலைவி அக்கவுண்ட்ஸ் மேடம், முதலாளி வீட்டுக்கு ஒரம்பரை முறை. பெட்டி கேன்டீன் வாசலில், கேமராவுக்கு நேர் கீழே. சாவி ஹெச்.ஆரிடம். ஆலோசகர் முன்னிலையில் திறந்தபோது நானும் இருந்தேன். சாம்பாரில் பூச்சி என்று ஒன்று, ஃபேன் ஓடவில்லை என்று இரண்டு, யாரோ ஒருத்தி இன்னொருத்தியைக் காதலிப்பதாக ஒரு மொட்டைக் கடுதாசி, மிட்டாய்க் காகிதம். பாலியல் புகார் ஒன்றும் இல்லை. அறிக்கையில் அந்தக் கட்டத்துக்குப் பச்சை நிறம்.

கோவைப் பக்கம் இந்தப் பச்சை நிறத்தை நம்பக்கூடாது. அவிநாசி ரோட்டில் சின்னியம்பாளையத்தைத் தாண்டும்போதெல்லாம் அங்கே இருக்கும் தியாகிகள் நினைவிடம் கண்ணில் படும். ரங்கவிலாஸ் மில்லில் ஒரு பெண் தொழிலாளியை நிர்வாகத்தின் அடியாள் சீரழித்தான். அன்றைக்குக் குழுவும் இல்லை, பெட்டியும் இல்லை. நடந்த மோதலில் அடியாள் செத்தான். நான்கு தொழிலாளர்களை 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். ஒரு பெண்ணின் புகாரை ஒரு மில் விசாரிக்க மறுத்ததற்கு ஆன செலவு அது.

அந்தச் செலவு நின்றபாடில்லை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருத்தி கொல்லப்பட்டாள். கைதானவர் அவளுடைய சூப்பர்வைசர். தலித் பெண்கள் தலைமையில் நடக்கும் டி.டி.சி.யூ. சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தையும் எச் அண்ட் எம் கம்பெனியையும் கையெழுத்துப் போட வைத்தார்கள். திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் முழுக்கத் தெரியும். பழனியைத் தாண்டி எங்கள் ஊருக்கு வரும் வழியில் எங்கோ இறங்கிவிட்டது. அந்த ஒப்பந்தப்படி தொழிலாளிகளில் இருந்தே தளத்துக் கண்காணிப்பாளர்களைச் சங்கம் அமர்த்தியது. ஆலை மீறினால் ஆர்டரில் கை வைக்க வேண்டியது வாங்கும் கம்பெனியின் கடமை என்றும் இருந்தது. எங்கள் வக்கீல் அடித்துவிட்ட சாதி அந்த ஒப்பந்தத்தில் எழுத்திலேயே இருக்கிறது. இதை எங்கள் ஆலோசக அம்மாளிடம் சொன்னேன். தெரியும் என்றார். "அதை ஆலோசகர் யாரும் எழுதலை சார்" என்றும் சொன்னார். அமெரிக்காவில் 800-க்கு மேற்பட்ட கம்பெனிகளின் முப்பதாண்டுக் கணக்கை டாபின், கேலெவ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் ஆராய்ந்து 2016-ல் எழுதியதைச் சொன்னதும் அவர்தான். மேலாளர்களுக்குக் கட்டாயப் பயிற்சி வைத்த இடங்களில் ஐந்து வருடம் கழித்து மேலாளர்களில் கறுப்பினப் பெண்களின் பங்கு 9 சதவீதம் குறைந்திருந்ததாம். தன் சரக்கைப் பற்றி இவ்வளவு உண்மை பேசும் வியாபாரியை நான் பார்த்ததில்லை. அடுத்த வருடம் அவர் வரவில்லை.

வராததற்கு அமெரிக்காவும் ஒரு காரணம். 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற கையோடு அரசாங்கத்தில் இந்தப் பன்முகத்தன்மைத் திட்டங்களையெல்லாம் மூடச் சொல்லி உத்தரவு போட்டார். பெரிய கம்பெனிகள் பல அதற்கு முன்பே சுருட்டத் தொடங்கியிருந்தன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் காற்றாலைகளைச் சுழற்றுவதற்கு வைகாசி வரை காத்திருக்க வேண்டும். வாஷிங்டன் காற்று மாசியிலேயே வந்துவிட்டது. பயிற்சிக்கு ஒதுக்கிய பணம் பாதியானது. நேரில் ஆள் வர வேண்டாம், இணையத்தில் காணொளி பார்த்துப் பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் போதும் என்றார்கள்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்திருந்தது. கூட்டுகிறவர்கள், ப்ளோ ரூம்காரர்கள், கேன்டீன்காரர்கள் எல்லாரையும் காண்டிராக்டர் பேருக்கு மாற்றிவிட்டார்கள். ஆள் அதே ஆள், விளக்குமாறும் அதே விளக்குமாறு. சம்பளச் சீட்டில் கம்பெனி பேர்தான் வேறு. படிவத்தில் 'கடைநிலை ஊழியர்களுக்கும் சராசரி ஊழியர்களுக்கும் சம்பள இடைவெளி' என்ற கட்டத்தில் எங்கள் மதிப்பெண் திடீரென்று பிரமாதமாகிவிட்டது. சின்ன முதலாளிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கோவையில் நட்சத்திர ஓட்டலில் விழா.

ஆனாலும் பயிற்சி மட்டும் காண்டிராக்ட் ஆட்களுக்கும் கட்டாயம் என்று வாங்கும் கம்பெனி பிடிவாதம் பிடித்தது. ஆளுக்கொரு ஸ்மார்ட்போனுக்கு எங்கே போவது? காண்டிராக்டரின் சூப்பர்வைசர் ஒரு சாயங்காலம் டைம் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் பேரிலும் உள்ளே போய்ப் பத்துக் கேள்விக்கும் பதிலைத் தட்டினான். மூன்றாவது ஆளுக்கு மேல் விடை மனப்பாடமாகிவிட்டது. எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு. வண்ண அச்சில் சான்றிதழ் வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கால் கடுக்கிறது என்று அன்றைக்கு உட்கார இடம் கேட்ட ஆத்தா வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னன்னு போட்டிருக்குதுங்க சாமி?"

"சக ஊழியர்களை ஏற்றத்தாழ்வு பார்க்காமல் நடத்தப் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள்னு போட்டிருக்கு, ஆத்தா."

"நானுங்களா?"

"ஆமா. நூற்றுக்கு நூறு."

அவர் அதைக் கசங்காமல் மடித்து ரவிக்கைக்குள் வைக்கப் போனவர், நின்று கேட்டார். "இதக் காட்டுனா காண்டிராக்டர் பி.எஃப். புடிப்பாருங்களா?"